கம்பளியும் முள்ளூசியும்

ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு சங்கச் செயலாளர் அவர்கள் பணித்தபோது நான் பெரிதும் மலைத்தேன். சிலம்பின் நயத்தையும் கம்பன் கவிநலத்தையும் எடுத்தியம்ப வல்ல அறிஞர் பலர் நம் சங்கத்தில் உளர். இரயில்வேப் பண்டகசாலையில் பேரேடு எழுதும் குமாஸ்தா, அதிலும் பத்தாம் வகுப்போடு பள்ளிப் படியை விட்டு இறங்கியவன், எதை எழுதுவது? இறுதியில் நான் நாள்தோறும் புரட்டும் அப்பேரேடே எனக்கு ஒரு பொருளை எடுத்துக் கொடுத்தது.

எங்கள் பேரேட்டில் ‘கம்பளி ஃபெல்ட் வளையம்’ என்று ஓர் இனம் உண்டு. ஆங்கிலத்தில் எழுதும்போது இடர்ப்பாடு ஒன்றும் இல்லை. தமிழில் எழுதினாலோ, ஆய்த எழுத்து ஒன்று தவறினால் ஃபெல்ட்டு பெல்ட்டாகிவிடும். பணியில் சேர்ந்த புதிதில் நானும் இதனை ஏதோ இடுப்பு வாருக்கு உறவு என்றே எண்ணியிருந்தேன். பின்னரே விவரம் அறிந்தேன். நம் பெரம்பூரில் 1955ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஐ.சி.எஃப். தொழிற்சாலை நெடுங்காலம் கட்டிவந்த பழைய வகைப் பெட்டிகளில், சக்கர அச்சின் முனையிலுள்ள அச்சுப்பெட்டியில் இவ்வளையம் பொருத்தப்படும். 40 முதல் 50 டிகிரி வரை சூடாக்கிய எண்ணெயில் அரை மணி நேரம் ஊற வைத்து இதனை மாட்டுவார்கள். உள்ளேயுள்ள மசகு வெளியே கசியாமலும், வெளியேயுள்ள புழுதி உள்ளே புகாமலும் காப்பது இதன் கடமை. அவ்வகைப் பெட்டிகளைப் பெரம்பூரில் கட்டுவது 2018 ஜனவரியோடு நின்றுபோயிற்று. எனினும் முன்னர்க் கட்டப்பெற்றவை ஓடும் வரையில் வளையமும் வேண்டியிருக்கும். குமாஸ்தாவும் அதை எழுதிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

இவ்வாறு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஒரு பொருளின் பெயரை எழுதிவந்தும், அது என்ன, எவ்வாறு உண்டாவது என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. 2022ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் பள்ளியில் பயிலும் என் மகள் அஞ்சலில் ஒரு சிறு பொட்டலம் வரவழைத்தாள். அதனுள் வண்ண வண்ணக் கம்பளிப் பஞ்சும், நான்கு நீண்ட ஊசிகளும், ஒரு கடற்பஞ்சுக் கட்டையும் இருந்தன. நூலும் இல்லை, ஊசியில் காதும் இல்லை. “காதில்லாத ஊசியால் என்ன தைப்பாய்?” என்று கேட்டேன். “தைக்கப் போவதில்லை, அப்பா; குத்தப் போகிறேன்” என்றாள். இரண்டு நாள் இடைவிடாது குத்தினாள். மூன்றாம் நாள் காலை என் மேசை மீது உள்ளங்கையளவு செம்மறியாடு ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதை எடுத்து அழுத்திப் பார்த்தேன். எங்கள் பண்டகசாலை வளையத்தின் அதே இறுக்கம், அதே பிடிமானம். இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பது அப்பொழுதே விளங்கிற்று. அத்தாயின் வரலாற்றைத் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

பிணையும் இயல்பு

துணி என்றால் நமக்குப் பாவும் ஊடும் நினைவுக்கு வரும். நூல் நூற்று, பாவோட்டி, தறியில் ஏற்றி நெய்தால்தான் துணி. ஆனால் செம்மறியாட்டின் மயிருக்கு இவையொன்றும் வேண்டுவதில்லை. கம்பளி இழை ஒன்றை உருப்பெருக்கியில் வைத்து நோக்கினால், மீனின் உடல் போல் அதன் மேல் செதிள்கள் அடுக்கியிருப்பதைக் காணலாம். செதிள்களின் விளிம்பு இழையின் நுனியை நோக்கியிருக்கும். ஆகவே அடியிலிருந்து நுனிக்கு வருடினால் வழுக்கும். நுனியிலிருந்து அடிக்கு வருடினால் தடுக்கும். சுடுநீரும் சவர்க்காரமும் இட்டுக் கசக்கும்போது ஒவ்வோர் இழையும் தன் அடிப்பக்கமாகவே நகர்கிறது. நகர்ந்து அயலிழைகளுக்குள் புகுந்து சிக்கிக்கொள்கிறது. திரும்பி வர அதற்கு வழியில்லை. இவ்வாறு ஆயிரமாயிரம் இழைகள் பிணைந்து இறுகியதே ஃபெல்ட். பாரசீகச் சொல்லின் வழியே வட இந்தியர் வழங்கும் பெயர் ‘நம்தா’. நாம் அதனை ‘நெய்யாத கம்பளி’ எனலாம். வெந்நீரில் துவைத்த கம்பளிச் சட்டை சுருங்கிக் குழந்தைச் சட்டையாகிவிட்டது என்று இல்லத்தரசியர் வருந்துவதுண்டு. அச்சட்டை கெட்டுவிட்டதன்று, நம்தாவாக மாறத் தொடங்கிவிட்டது.

பனிக்குள் உறங்கிய அன்னங்கள்

இவ்வியல்பை மனிதன் கண்டுகொண்டது மிகப் பழங்காலத்தில். குளிர் மிகுந்த மத்திய ஆசியப் புல்வெளிகளில் மந்தையோடு இடம் பெயர்ந்து வாழ்ந்த மக்களுக்குத் தறியைச் சுமந்து திரிவது எளிதன்று. மயிரைப் பரப்பி, நீர் தெளித்து, சுருட்டி, மிதித்துச் செய்யும் நம்தாவே அவர்களுக்குக் கூரை, தரைவிரிப்பு, தொப்பி, சேணம் எல்லாம் ஆயிற்று. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், சித்தியர் முதலிய வடபுல மக்களைப் பற்றி எழுதுமிடத்தில், குளிர்காலத்தில் மரத்தைச் சுற்றி வெண்ணிற நம்தாவைப் போர்த்தி அதனடியில் வாழ்வோரைக் குறிப்பிடுகின்றார்.

சொல்லால் மட்டும் அறிந்த இச்செய்திக்குக் கண்கண்ட சான்று 20ஆம் நூற்றாண்டில் கிடைத்தது. தென் சைபீரியாவின் அல்த்தாய் மலைப்பகுதியில் பசிரிக் என்னும் இடத்தில் பழந்தலைவர்களின் கல்மேட்டுக் கல்லறைகள் உள்ளன. 1929இல் கிரியாஸ்னோவ் என்பவரும், 1947 முதல் 1949 வரை செர்கேய் ருதென்கோ என்பவரும் அவற்றை அகழ்ந்தனர். பண்டை நாளிலேயே திருடர் துளையிட்டுப் பொன்னைக் கொண்டுபோயிருந்தனர். அத்துளை வழியே இறங்கிய நீர் உள்ளே உறைந்து பனிக்கட்டியாகிவிட்டது. பொன்னைத் தேடிய திருடர் மதியாது விட்ட மரமும் தோலும் கம்பளியும் அப்பனியினுள்ளே இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் மட்காமல் இருந்தன.

ஐந்தாம் கல்லறையில் கிடைத்த முடிச்சுக் கம்பளம், உலகில் இன்று எஞ்சியுள்ள மிகப் பழைய கம்பளங்களுள் தலையாயது என்று புகழ் பெற்றுவிட்டது. அதே கல்லறையில் அதனோடு துயின்ற அன்னப் பறவைகளைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. வெண்ணிற நம்தாவை வெட்டி, தைத்து, உள்ளே அடைத்து, வளைந்த கழுத்தும் சிறகும் அமைத்த பறவைகள் அவை. உயரம் ஏறக்குறைய ஒன்றரைச் சாண். இன்று ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரிலுள்ள ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றின் படத்தை முதன்முறை கண்டபோது, என் மேசை மீது நின்ற ஆட்டுக்குட்டியை மீண்டும் ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தேன். கம்பளியால் உயிரினங்களின் உருவம் செய்து மகிழும் ஆசை நேற்றுத் தோன்றியதன்று.

ஆயினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பசிரிக் மக்கள் முதலில் தகடு போன்ற நம்தாவைச் செய்துகொண்டார்கள்; பின்னர் அதை வெட்டித் தைத்தே உருவம் கொணர்ந்தார்கள். களிமண்ணைப் பிசைவது போல் கம்பளியையே நேரே பிசைந்து உருவம் ஆக்கும் வழிக்கு வேறொரு கருவி தேவைப்பட்டது. அது வரப் பல நூற்றாண்டுகள் ஆயின.

நம் நாட்டு நம்தா

மத்திய ஆசியாவிலிருந்து இக்கலை காஷ்மீரத்திலும் வேரூன்றியது. அக்பர் பாதுஷாவின் குதிரை குளிரால் நடுங்கிற்று என்றும், அதற்குப் போர்வையாக ஒருவர் நம்தா செய்தளித்தார் என்றும் செவிவழிக் கதை ஒன்று உண்டு. கதை உண்மையோ அன்றோ, குதிரைக்கும் நம்தாவுக்கும் உள்ள உறவு உண்மை. வியர்வையை உறிஞ்சுவதும், முதுகு புண்ணாகாமல் காப்பதும் நம்தாவைப் போல் வேறொன்றால் இயலாது. ஆகவே குதிரைப் படை எங்கெங்குச் சென்றதோ, அங்கெல்லாம் நம்தா செய்வோரும் சென்றனர்.

காஷ்மீரத்தில் வெண்ணிற நம்தாவின் மேல் கொக்கி ஊசியால் பூவேலை செய்வார்கள். குஜராத்தின் கச்சுப் பகுதியில் வண்ணக் கம்பளியையே கோலம் போல் பரப்பி மிதித்து இறுக்குவார்கள். ராஜஸ்தானத்தில் பனாஸ் ஆற்றங்கரையிலுள்ள டோங்க், நவாபுகளின் ஆட்சியில் இருந்த நகரம்; அங்கே நம்தாவை வெட்டி, வேறு நிறத் துண்டுகளை மேலே ஒட்டித் தைப்பது வழக்கம். செய்முறை அடிப்படையில் ஒன்றே. கம்பளியைக் கடைந்து பஞ்சாக்கி, சாக்கின் மேல் அடுக்கடுக்காகப் பரப்புவர். சவர்க்கார நீர் தெளிப்பர். பாய் போல் சுருட்டிக் கட்டிக் காலாலும் முழங்கையாலும் உருட்டி உருட்டி அழுத்துவர். மணிக்கணக்கில் இவ்வேலை நடந்த பிறகே மயிர் துணியாகும். முதுகெலும்பு தேய்கின்ற தொழில் இது.

இக்கலையின் நிலை அண்மைக் காலத்தில் நலிந்தது. காஷ்மீர நம்தாவின் ஏற்றுமதி 1998க்கும் 2008க்கும் இடையில் ஏறக்குறைய முற்றும் நின்றுபோனதாக அரசுச் செய்திக் குறிப்பே கூறுகின்றது. அதனை மீட்பதற்காக 2021 நவம்பரில் மத்திய அரசு பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 2023இல் அதன் விளைபொருள்களின் முதல் தொகுதி இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டது. மலையிறக்கத்தில் வேகமெடுத்த வண்டியைக் கையால் நிறுத்துவது போன்ற அரிய முயற்சி அது.

இயந்திரம் பெற்ற ஊசி

இனி ஊசியின் கதைக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டில் மேனாட்டு ஆலைகளில் புதியதொரு தேவை பிறந்தது. மெத்தைக்கும் கம்பளத்தின் அடிவிரிப்புக்கும் தடித்த விரிப்பு மலிவாக வேண்டும். குதிரை மயிர், சணல், தேங்காய் நார் போன்றவை மலிவாகக் கிடைத்தன. ஆனால் அவை கம்பளியைப் போல் தாமே நன்கு பிணைய மாட்டா. நீரும் சூடும் அவற்றிடம் பலிக்கவில்லை. பிணைய மறுக்கும் இழைகளை எவ்வாறு பிணைப்பது?

அதற்குப் பிறந்ததே முள்ளூசி. விரற்கடை சிலவே நீண்ட எஃகு ஊசி. அதன் உடல் பெரும்பாலும் முப்பட்டை. பட்டைகளின் விளிம்பில் கீழ்நோக்கி வெட்டிய சிறு முட்கள் இருக்கும். ஊசி உள்ளே இறங்கும்போது முட்கள் மேலிழைகளைப் பற்றி அடியாழத்துக்கு இழுத்துச் செல்லும். மேலே எழும்போது இழைகளை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்கையாய் மீளும். அகன்ற பலகை ஒன்றில் இத்தகைய ஊசிகள் ஆயிரக்கணக்கில் பொருத்தப்படும். நகர்ந்து செல்லும் பஞ்சின் மேல் அப்பலகை நிமிடத்துக்குப் பல நூறு முறை ஏறி இறங்கும். நீரின்றி, நெருப்பின்றி, விரிப்பு மறுபுறம் இறுகி வெளிவரும். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துப் பைவாட்டர் நிறுவனம் இவ்வியந்திரங்களைச் செய்வதில் முன்னோடியாய் விளங்கிற்று.

இன்று மோட்டார் வண்டியின் தரைவிரிப்பு, ஆலைகளின் புகை வடிகட்டி, மண் அரிக்காமல் இருப்புப் பாதையின் கீழே பரப்பும் நெய்யாத் துணி ஆகிய பலவும் இம்முறையில் செய்யப்படுவன. நாம் அமர்ந்து செல்லும் இரயிலின் கீழேயும் முள்ளூசியின் கைவண்ணம் உண்டு என்பது எனக்கே வியப்பாயிருந்தது. மிதித்து மிதித்து மனிதன் செய்ததை ஊசிப் பலகை நொடியில் செய்துவிட்டது. வழக்கமான கதைதானே என்று அன்பர்கள் எண்ணக்கூடும். கையிடமிருந்து இயந்திரம் தொழிலைப் பறித்துக்கொண்ட கதைகளை நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். ஆனால் இக்கதை இங்கே திரும்புகிறது.

கைக்கு மீண்ட ஊசி

அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த மார்த்தாஸ் வின்யார்ட் என்பது கடல் சூழ்ந்த ஒரு தீவு. 1980களில் அங்கு வாழ்ந்த டேவிட் ஸ்டான்வுட், எலினார் ஸ்டான்வுட் என்னும் கணவன் மனைவியர் கம்பளியைக் கொண்டு இத்தகைய ஆலை ஊசிகளை ஆராய்ந்து பார்த்தனர். ஆயிரம் ஊசிகளில் ஒன்றைத் தனியே எடுத்துக் கையில் பிடித்துக் குத்தினால் என்ன ஆகும்? அவ்வளவே அவர்கள் எழுப்பிய வினா. குத்திய இடம் குழிந்தது. குழிந்த இடம் இறுகியது. எங்கே குத்துகிறோமோ அங்கே மட்டும் கம்பளி ஒடுங்குகிறது என்பது தெரிந்தது. எனில் கழுத்து வேண்டிய இடத்தில் ஒடுக்கலாம். வயிறு வேண்டிய இடத்தில் விடலாம். எலினார் அம்மையார் சிறு சிறு உருவங்கள் செய்யலானார். அவ்வழி வந்த அயாலா தல்பாய் என்னும் கலிபோர்னிய அம்மையார் பலருக்கும் கற்பித்து, ‘ஆலையிலிருந்து கற்பனை உலகுக்கு’ என்று பொருள்படும் பெயரில் நூலும் எழுதினார். பின்னர் இக்கலை ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் பரவியது. வீட்டுப் பூனையின் முகத்தை மீசை முதல் விழி வரை அச்சு அசலாக வடிக்கும் ஜப்பானியக் கலைஞர்களின் திறனைப் படங்களில் கண்டு நான் மெய்ம்மறந்ததுண்டு.

உலகத் தொழில் வரலாற்றில் இது சிறிய நிகழ்ச்சியே. ஆயினும் அதன் பொருள் பெரிது. பிணைய மறுத்த நாருக்காக ஆலை படைத்த ஊசியை, பிணைவதையே இயல்பாகக் கொண்ட கம்பளிக்கு மனிதக் கை மீட்டுக்கொண்டது. கையின் வேலையை இயந்திரம் எடுத்துக்கொள்வதே விதி என்று நாம் தலையில் கைவைத்து அமர்ந்திருக்கத் தேவையில்லை. இயந்திரத்தின் கருவியைக் கையும் எடுத்துக்கொள்ளலாம்.

உருவம் செய்யும் முறை

வரலாறு கேட்ட அன்பர்களுக்குச் செய்முறையும் சிறிது சொல்லுதல் கடன். என் மகளுக்கு உதவியாளனாக அமர்ந்து கற்றது இது.

ஊசிகளுக்கு எண் உண்டு. எண் பெரிதாகப் பெரிதாக ஊசி மெல்லிதாகும். 36ஆம் எண் ஊசி உடலைத் திரட்டுவதற்கும், 38 பொது வேலைக்கும், 40, 42 எண் ஊசிகள் முகத்தின் நுட்பத்துக்கும் ஏற்றவை. கம்பளியிலும் வேறுபாடு உண்டு. உள்ளுடலுக்குச் சற்று முரடான, சுருள் மிகுந்த கம்பளி நன்று. அது விரைவில் இறுகும். மெரினோ போன்ற மெல்லிய கம்பளி இறுக நேரம் பிடிக்கும். ஊசித் தழும்பும் தெரியும். ஆகவே அதை மேல்தோலாக மட்டும் போர்த்துவது முறை.

முதலில் முரட்டுக் கம்பளியை இறுகச் சுருட்டிக் கடற்பஞ்சின் மேல் வைத்துக் குத்துதல் வேண்டும். ஒரே பக்கம் குத்தினால் தட்டையாகும்; திருப்பித் திருப்பிக் குத்தினால் உருளும். ஊசி எத்திசையில் இறங்கியதோ அத்திசையிலேயே வெளிவரல் வேண்டும். உள்ளே இருக்கும்போது வளைத்தால் ஒடிந்துபோகும். என் மகளின் நான்கு ஊசிகளில் முதல் இரண்டை ஒடித்தவன் நானே. காலும் காதும் தனித்தனியே செய்யப்படும். அவற்றின் அடியில் சிறிது பஞ்சைக் குத்தாமல் தளர விட்டுவைத்தல் வேண்டும். அத்தளர்ந்த இழைகளே உடலோடு ஒட்டும் வேர்கள். ஒட்டகம் போன்ற நெடுங்கால் விலங்கிற்கு உள்ளே கம்பி கொடுப்பதும் உண்டு. உடல் முழுமையும் இறுகிய பின் வண்ணக் கம்பளியைப் போர்த்தி, மேலோட்டமாகக் குத்தி மெருகு செய்வர்.

குத்தக் குத்த உருவம் சிறுத்துக்கொண்டே வரும். போதாத இடத்தில் பஞ்சைச் சேர்க்கலாம். சேர்த்து இறுகியதை எடுக்க இயலாது. ஆகவே சிறிதாகத் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டுவதே அறிவு. கண்ணை வேறெங்கும் திருப்பாமல் ஊசி முனையிலேயே வைத்தல் இன்றியமையாதது. தவறினால் முள் விரலில் இறங்கும். விரலில் இரத்தம் காணாது இக்கலையைக் கற்றவர் அரியர். கண்ணும் கையும் மனமும் ஓரிடத்தில் கூடியிருக்கும் அந்நேரத்தில், அலுவலகக் கவலை எதுவும் அண்டுவதில்லை. ஓய்வு நேரத்தின் இன்பம் இதனினும் வேறு என்ன வேண்டும்?

டோங்க் நகரில் ஒரு பிற்பகல்

2023 குளிர்காலத்தில் மகளை அழைத்துக்கொண்டு டோங்க் சென்றேன். அந்நகருக்கு அப்போது இருப்புப் பாதை இல்லை. இரயில்வே ஊழியன் ஜெய்ப்பூரிலிருந்து பேருந்தில் சென்று இறங்கினேன். விசாரித்து விசாரித்து ஒரு சந்தினுள் நம்தா செய்யும் முதியவர் ஒருவரின் கூடத்தை அடைந்தோம். எழுபதைக் கடந்தவர். எங்களை அமரச் செய்து தேநீர் வரவழைத்தார்.

“சாச்சா, தொழில் எப்படி நடக்கிறது?” என்று கேட்டேன்.

“பாபுஜி, என் தந்தை காலத்தில் இக்கூடத்தில் பன்னிரண்டு பேர் மிதித்தார்கள். இப்போது நானும் என் தம்பியும். பிள்ளைகள் இருவரும் ஜெய்ப்பூரில் ஆட்டோ ஓட்டுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், என் முதுகை அவர்கள் பார்த்திருக்கிறார்கள்” என்றார். சற்று நேரம் கழித்து, “கம்பளி விற்ற காசு ஆடு கத்தரித்த கூலிக்கும் காணவில்லை என்று மந்தைக்காரர்கள் சொல்கிறார்கள். சிலர் கத்தரித்ததைக் காட்டிலேயே போட்டுவிட்டுப் போகிறார்கள்” என்றும் கூறினார்.

அம்மாவட்டத்திலேயே மால்புராவை அடுத்த அவிகாநகரில், மத்திய செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிலையம் 1962 முதல் இயங்கிவருகின்றது. மால்புரா, சோக்லா, மக்ரா, மார்வாரி என்று ஆட்டினங்களுக்குக் குறைவில்லாத நாடு ராஜஸ்தானம். நம் நாட்டுக் கம்பளியில் பெரும்பகுதி முரடானது, சட்டைக்கு உதவாது, கம்பளத்துக்கே உரியது. ஆடைக்கான மெல்லிய கம்பளியை ஆஸ்திரேலியாவிலிருந்து வாங்குகிறோம். நம்முடையதைக் காட்டில் விடுகிறோம். இஃது ஏன் என்று நான் மனத்துள் வினவிக்கொண்டிருக்கையில், என் மகள் தன் பையிலிருந்து செம்மறியாட்டை எடுத்து முதியவரிடம் நீட்டினாள்.

அவர் அதை வாங்கிக் கட்டை விரலால் அழுத்தினார். காதைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். வயிற்றை மோந்து பார்த்தார். “சவர்க்கார வாடை இல்லையே! தண்ணீர் இல்லாமலா செய்தாய், மகளே?” என்றார். அவள் முள்ளூசியை எடுத்துக் காட்டினாள். வெளிச்சத்தில் பிடித்து அதன் முட்களை நெடுநேரம் நோக்கினார். பின்னர் எழுந்து சென்று, ஓரம் பிய்ந்த பழைய நம்தா ஒன்றைக் கொணர்ந்தார். அதே நிறத்துக் கம்பளிச் சிட்டிகை ஒன்றைப் பிய்ந்த இடத்தில் வைத்து, என் மகள் கற்பிக்காமலே, சீராகக் குத்தலானார். நான் ஒடித்ததைப் போல் அவர் ஒடிக்கவில்லை. ஐம்பதாண்டுக் காலம் கம்பளியோடு பேசிய கை அது. கால் மணி நேரத்தில் பிய்ந்த ஓரம் எங்கே இருந்தது என்று தெரியாமற் போயிற்று.

“ஊசி நல்ல ஊசி” என்றார் அவர். “உட்கார்ந்துகொண்டே செய்யலாம். முதுகு நோகாது. இப்படி ஒன்று உண்டு என்று என் பிள்ளைகளின் காலத்துக்கு முன்பே தெரிந்திருக்கலாம்.”

மீதமிருந்த ஊசிகளை அவரிடமே விட்டு வந்தோம். விலை பேசவில்லை. கட்டாயப்படுத்தி ஒரு சிறு விரிப்பை என் மகளின் கையில் திணித்து அனுப்பினார். அவ்விரிப்பின் மேல்தான் இப்போது அந்த ஆடு நிற்கின்றது.

முடிவுரை

ஒரு கலை அழிவது பெரும்பாலும் கருவி இல்லாமையால் அன்று. அறிந்தவரும் வேண்டியவரும் ஒருவரையொருவர் காணாமையால்தான். அத்தீவில் கண்ட வழியைச் சந்தினுள் வாழும் முதியவர் அறியார். முதியவரின் கைத்திறனை அஞ்சலில் பொட்டலம் விற்போர் அறியார். இடையே மந்தைக்காரன் கம்பளியைக் காட்டில் எறிகிறான். முரட்டுக் கம்பளியே உருவத்தின் உள்ளுடலுக்குச் சிறந்தது என்று மேலே கண்டோம். அவ்வாறாயின் அக்கம்பளிக்கும், அம்முதியவர் போன்றோரின் கைக்கும், விளையாட்டுப் பொருள் விரும்பும் குழந்தைகளுக்கும் இடையே ஒரு சிறு பாலம் கட்டினால் போதுமே! பள்ளிக் கைவேலை வகுப்பில் இதனைப் புகுத்தலாம். முதிர்ந்த நம்தாத் தொழிலாளர் ஒருவரை ஒரு நாள் அழைத்துக் கற்பிக்கச் செய்யலாம். நம் சங்கத்தின் மாதர் பகுதியும் சிறுவர் பகுதியும் வரும் கோடையில் இதனை ஒருமுறை முயன்று பார்க்க வேண்டுமென்று பணிவுடன் வேண்டுகிறேன். கம்பளி நம் தாயகத்துக்கும் புதிதன்று. நீலகிரி என்னும் பெயராலேயே மெல்லிய மயிருடைய ஆட்டினம் ஒன்று நமக்கு உண்டு. அதன் எண்ணிக்கை மிகக் குறைந்துவிட்டமையால் உதகையை அடுத்த சாந்திநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் அதனைப் பேணி வளர்த்து வருகின்றார்கள்.

இறுதியாக ஒன்று. பாவும் ஊடும் இல்லாமல், தறியில் கட்டுண்ணாமல், பிறந்த இடத்தை விட்டு வந்த மயிரிழைகள் சூட்டிலும் நெருக்கடியிலும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு பிரிக்க முடியாத ஒரு பொருளாகின்றன. தஞ்சையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைப்பைத் தேடி இப்பாலைநிலத்துக்கு வந்து, ஒரு சங்கமாய்க் கூடியிருக்கும் நமக்கு இதனை விளக்கிச் சொல்லவும் வேண்டுமோ? எங்கள் பண்டகசாலைப் பேரேட்டில் அவ்வளையத்தின் பெயரை நான் இன்றும் எழுதுகின்றேன். முன்பு போல் கை மட்டும் எழுதுவதில்லை. மனமும் உடன் எழுதுகின்றது.